பிசியோவும் வீட்டுக்கே வருவார்: மக்களைத் தேடி மருத்துவத்தில் ஓய்வுபெற்றவர்களுக்கு என்ன இருக்கிறது?

பணி ஓய்வு பெற்ற பிறகும் நம் தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்தில் பெரும்பாலானவர்கள் சும்மா உட்காருவதில்லை. வாத்தியாராக இருந்தவர் விடிந்ததும் மாந்தோப்புக்குப் போய்விடுகிறார். பஸ் ஓட்டியவர் இரண்டு ஆடு வாங்கிக் கட்டியிருக்கிறார். பேரப்பிள்ளையைப் பள்ளியில் விடுவது, ரேஷன் கடை, சாயந்திரம் கோயில் திண்ணை என்று பொழுது நன்றாகவே போகிறது. ஒருநாள் முழங்கால் மடங்க மறுக்கும்போதோ, கவனிக்காமல் விட்ட பிரஷர் பக்கவாதத்தில் கொண்டுபோய் விடும்போதோதான் எல்லாம் நின்றுபோகிறது.

அந்த நேரத்துக்கென்று இருக்கும் அரசுத் திட்டம் மக்களைத் தேடி மருத்துவம். 2021 ஆகஸ்ட் 5 அன்று முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் அதைத் தொடங்கிவைத்தது கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான். நம் மண்ணில் தொடங்கியும், அதை இங்கே பலர் "சுகர் மாத்திரை கொடுக்கிற திட்டம்" என்று மட்டுமே தெரிந்து வைத்திருப்பது எனக்கு வருத்தம். மாத்திரை அதில் ஒரு பகுதி. எழுந்து நடக்க வைக்கும் பிசியோதெரபியும் அதே திட்டத்தில், அதே வீட்டு வாசலில் கிடைக்கிறது.

முதலில் மாத்திரை. மகளிர் சுய உதவிக் குழுவிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டுப் பயிற்சி பெற்ற பெண் சுகாதாரத் தன்னார்வலர் வீடு தேடி வந்து பிரஷரும் சுகரும் பார்ப்பார். அளவு கூடுதலாக இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகச் சொல்வார். அங்கே டாக்டர் பார்த்து, நோயை உறுதிசெய்து மருந்து எழுதிய பிறகு, 45 வயதைத் தாண்டியவர்களுக்கும் நடமாட முடியாதவர்களுக்கும் மாத்திரை வீட்டுக்கே வரும். வீட்டுக்கு வருகிறதே என்று டாக்டரைப் பார்ப்பதையே விட்டுவிடக் கூடாது. அளவு ஏறி இறங்கும்போது மருந்தை மாற்ற வேண்டியவர் அவர்தான்.

இனி பிசியோ. ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஓர் இயன்முறை மருத்துவரும், படுத்த படுக்கையாக இருப்பவர்களைக் கவனிக்க ஒரு நோய் ஆதரவுச் செவிலியரும் இந்தத் திட்டத்தில் உண்டு. பக்கவாதத்தில் கை கால் விழுந்தவர்கள், மூட்டுத் தேய்மானத்தால் முடங்கியவர்கள், தோள்பட்டை இறுகிப்போனவர்கள், எலும்பு முறிவுக்குப் பிறகு நடக்கப் பயப்படுபவர்கள் எல்லாரும் கேட்கலாம். கட்டணம் கிடையாது. சித்தேரி மலையிலிருந்தோ அஞ்செட்டிப் பக்கத்திலிருந்தோ ஒரு பெரியவரை வண்டி பிடித்து டவுனுக்குக் கூட்டிவந்து, அரைமணி நேரப் பயிற்சி முடித்துத் திரும்பக் கூட்டிப்போக எவ்வளவு செலவாகும், யார் கூட வருவார்கள் என்று யோசித்துப் பாருங்கள். அந்தச் சிரமத்தாலேயே பாதியில் பயிற்சியை விட்டுவிட்டுக் கட்டிலோடு இருந்துவிடுகிறார்கள்.

ஒரு வட்டாரம் முழுவதற்கும் ஒருவர் என்பதால் அவர் தினமும் உங்கள் வீட்டுக்கு வர முடியாது. பயிற்சியோ தினமும் செய்ய வேண்டியது. ஆகவே அவர் வரும் நாளில் வீட்டில் ஒருவர் கூடவே இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும்: கையை எங்கே பிடிப்பது, எத்தனை முறை மடக்குவது, வலித்தால் எந்த அளவில் நிறுத்துவது. பிள்ளைகள் ஓசூர் சிப்காட்டிலோ பெங்களூரிலோ வேலையில் இருக்கும் வீடுகள் இங்கே ஏராளம். அப்படியானால் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு வைத்துக்கொள்ளுங்கள், அல்லது பிசியோவிடம் கேட்டுப் பயிற்சியைப் போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். அவர் வந்து போகும் அந்தக் கொஞ்ச நேரத்தைவிட, வராத நாட்களில் விடாமல் செய்வதுதான் காலை மீட்டுத் தரும்.

"எனக்குத்தான் பென்ஷனர் காப்பீடு இருக்கிறதே, இது கிடைக்குமா?" என்று கேட்பவர்கள் உண்டு. தாராளமாகக் கிடைக்கும். இரண்டும் வேறு வேறு. காப்பீடு முக்கியமாக ஆஸ்பத்திரியில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கானது. மாதாமாதம் விழுங்கும் பிரஷர் மாத்திரைக்கு அது உதவாது. அரசு ஓய்வூதியர், தனியார் கம்பெனியில் வேலை பார்த்தவர், காட்டு வேலை செய்தவர் என்ற பேதம் இந்தத் திட்டத்தில் இல்லை.

பெயர் சேர்ப்பது எளிது. உங்கள் தெருவுக்கு வரும் தன்னார்வலரிடம் சொன்னால் போதும். யாரும் வருவதில்லை என்றால் கிராம சுகாதார செவிலியரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ பெயர், கதவு எண், போன் நம்பர் கொடுத்து, பிசியோ தேவை என்று தனியாகச் சொல்லுங்கள். சுகர், பிரஷர் என்று மட்டும் சொன்னால் மாத்திரைப் பட்டியலோடு நின்றுவிட வாய்ப்புண்டு. டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே, பழைய மருந்துச் சீட்டு இருந்தால் எடுத்து வையுங்கள்.

கால் நன்றாக இருப்பவர்களுக்கு வேறொன்று இருக்கிறது. 'நடப்போம் நலம் பெறுவோம்' என்ற பெயரில் 2023 நவம்பர் 4 அன்று 38 மாவட்டங்களிலும் 8 கிலோமீட்டர் நடைபாதைகள் தொடங்கப்பட்டன. எட்டு கிலோமீட்டரும் நடந்தே தீர வேண்டும் என்றில்லை. 65 வயதைக் கடந்தவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்வது, வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடலுழைப்பு. அதோடு வாரத்தில் மூன்று நாளாவது, கீழே விழாமல் காக்கும் சமநிலைப் பயிற்சியும் தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும். தோப்பு வேலை செய்கிறவர்களுக்கு முதலாவது தானாகவே நடந்துவிடுகிறது. இரண்டாவதை யாரும் செய்வதில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்பது போன்ற எளிய பயிற்சிகளை எப்படிச் செய்வது என்று அதே பிசியோவிடம் கேட்டுக்கொள்ளலாம்.

மருத்துவ ஆலோசனைக்கு 104. முதியோருக்கான மற்ற உதவிகளுக்கு 14567. வாய் கோணினாலோ, திடீரென ஒரு பக்கக் கை கால் தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ தன்னார்வலருக்காகக் காத்திருக்காமல் உடனே 108.