அண்டக்கதிர்

1912 ஆகஸ்ட் 7 அன்று விக்டர் ஹெஸ் பலூனில் 5,000 மீட்டருக்கு மேல் ஏறி, உயரே போகப்போகக் காற்றில் அயனியாக்கம் (அணுக்கள் மின்னேற்றம் பெறுவது) கூடுவதை அளந்தார். மேலிருந்து வந்த அந்தக் கதிர்வீச்சுக்கு 1925-இல் ‘காஸ்மிக் கதிர்’ என்று பெயரிட்டவர் ராபர்ட் மில்லிகன். காஸ்மிக் என்பதன் வேர் ‘கோஸ்மோஸ்’ என்னும் கிரேக்கச் சொல். ஒழுங்கு, அணி, உலகம் என்று பொருள்படும்.

மில்லிகன் அதை மின்னேற்றமில்லாத காமாக்கதிர் என்றே நம்பினார். ஆனால் நிலநடுக்கோட்டருகே அதன் அளவு குறைவது பின்னர் தெரியவந்தது. புவியின் காந்தப்புலம் திருப்பிவிடுகிறது என்றால், அது மின்னேற்றமுள்ள துகளாகத்தான் இருக்க வேண்டும். இத்துகள்களில் ஏறக்குறைய 90 விழுக்காடு புரோட்டான்கள், 9 விழுக்காடு ஹீலியம் அணுக்கருக்கள். எஞ்சியவை கனமான கருக்களும் எலெக்ட்ரான்களும்.

தமிழில் விண்கதிர், பிரபஞ்சக் கதிர், அண்டக்கதிர் மூன்றும் வழங்குகின்றன. ‘விண்’ வெறும் வானத்தையும் குறிக்கும் என்பதால் அண்டக்கதிரே பொருத்தம். துகளைக் கதிர் எனலாமா? ஆல்ஃபாக்கதிரும் பீட்டாக்கதிரும் துகள்கள்தாமே, எனவே தடையில்லை.

மின்னேற்றமே இவற்றின் ஆற்றலுக்கும் வழி. வெடித்த விண்மீனின் எச்சத்தில் அதிர்ச்சியலை (ஒலியைவிட வேகமாகப் பாயும் அழுத்த அலை) விநாடிக்குச் சுமார் 3,000 கிலோமீட்டர் வேகத்தில் விரிகிறது என்று கொள்வோம். அலையின் இருபுறமும் உள்ள காந்தப்புலக் குழப்பங்கள் புரோட்டானைச் சிதறடித்து, அலையைத் திரும்பத் திரும்பக் கடக்க வைக்கின்றன. எதிரே வரும் மட்டையில் பட்ட பந்துபோல, ஒருமுறை கடந்து திரும்பும் ஒவ்வொரு சுற்றுக்கும் சராசரியாக 1 விழுக்காடு ஆற்றல் கூடுகிறது. 70 சுற்றில் இரட்டிப்பு. ஏறத்தாழ 1,400 சுற்றில் பத்து லட்சம் மடங்கு. அதேவேளை சுற்றுக்குச் சுமார் 1 விழுக்காடு துகள்கள் அலைக்குப் பின்னால் அடித்துச் செல்லப்பட்டுத் திரும்புவதில்லை. உயர் ஆற்றல் துகள்கள் அரிதாக இருப்பது இதனால்தான். என்ரிகோ ஃபெர்மி 1949-இல் முன்வைத்த முதல் வடிவத்தில் அங்குமிங்கும் அலையும் வாயு முகில்களே முடுக்கிகள். அது மிகவும் மெதுவான வழி. அதிர்ச்சியலை விளக்கம் 1970-களின் பிற்பகுதியில் உருவானது.

இதற்கும் எல்லை உண்டு. ஆற்றல் ஏற ஏறத் துகள் காந்தப்புலத்தில் சுற்றும் வட்டம் பெரிதாகிறது. வட்டம் எச்சத்தின் அளவை எட்டினால் துகள் தப்பிவிடும். எச்சங்களால் சுமார் 10¹⁵ எலெக்ட்ரான்வோல்ட் (துகள்களின் ஆற்றலை அளக்கும் அலகு) வரை தரமுடியும் என்பது வழக்கமான கணக்கு. அதைவிட மிகமிகக் கூடுதலான ஆற்றலுடன், 8×10¹⁸ எலெக்ட்ரான்வோல்ட்டுக்கு மேல், வருபவை நம் பால்வெளிக்கு அப்பாலிருந்து வருகின்றன என்பதற்கு அர்ஜென்டினாவின் பியேர் ஓஜே ஆய்வகம் 2017-இல் சான்று தந்தது.

வழியெல்லாம் காந்தப்புலம் திருப்புவதால், வந்த திசையைப் பார்த்துப் பிறப்பிடம் சொல்ல முடியாது. ஆனால் புரோட்டான் வாயுவில் மோதிப் பிறக்கும் காமாக்கதிர் வளையாது. ஐசி 443, டபிள்யூ 44 ஆகிய எச்சங்களில் புரோட்டான்கள் முடுக்கப்படுவதை ஃபெர்மி விண்தொலைநோக்கி 2013-இல் அப்படித்தான் காட்டியது.

சொல்லாட்சியில் ஒரு கவனம் வேண்டும். விண்வெளியிலிருந்து வருவது முதன்மை அண்டக்கதிர். அது காற்றில் மோதி உண்டாக்கும் துகள் பொழிவு இரண்டாம்நிலை அண்டக்கதிர். ஊட்டியின் கிரேப்ஸ்-3 ஆய்வுக்கூடம் பதிவுசெய்யும் மியுவான்கள் (எலெக்ட்ரானைப் போன்ற, ஆனால் கனமான துகள்கள்) இரண்டாம் வகை.