மாற்றுப் புரதம்: ஆய்வுப் பணம் போகும் தடம்

2013 ஆகஸ்ட் 5 அன்று, லண்டனில் கேமராக்களுக்கு முன்னால் ஒரு பர்கரைச் சமைத்து ருசி பார்த்தார்கள். மாட்டின் தசைச் செல்களை ஆய்வகத்தில் வளர்த்து உருவாக்கிய பர்கர் அது. செய்தவர் நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் போஸ்ட். செலவு சுமார் இரண்டரை லட்சம் யூரோ. அதைக் கொடுத்தவர் கூகுளைத் தொடங்கியவர்களில் ஒருவரான செர்கே பிரின். இந்தக் கதையில் அதிகம் பேசப்படாத முன்பகுதி ஒன்று உண்டு. 2000களின் நடுவில் டச்சு அரசு இதே துறைக்குச் சுமார் 20 லட்சம் யூரோ கொடுத்திருந்தது. அந்தத் திட்டம் 2009 வாக்கில் முடிந்ததும் அரசுப் பணம் நின்றது. ஆய்வு தொடர ஒரு கோடீஸ்வரர் வரவேண்டியிருந்தது.

தாவரப் புரதம், நுண்ணுயிர்களை நொதிக்க வைத்துப் பெறும் புரதம், செல் வளர்ப்பு இறைச்சி ஆகிய மூன்றையும் சேர்த்து மாற்றுப் புரதம் என்கிறார்கள். இந்தத் துறையில் பணம் அலையலையாகத்தான் வருகிறது. தனியார் முதலீடு 2021-ல் 500 கோடி டாலர் அளவுக்கு ஏறியது. 2023-க்குள் 200 கோடிக்குக் கீழே இறங்கிவிட்டது. நிறுவனப் பணத்தில் இன்னொரு குறையும் இருக்கிறது. அதில் கிடைக்கும் விடை வணிக ரகசியமாகப் பூட்டி வைக்கப்படும். அடுத்த நிறுவனம் அதே சோதனையை முதலிலிருந்து செய்ய வேண்டும். அதனால்தான் அரசும் அறக்கட்டளைகளும் தரும் ஆய்வு நல்கைகளைக் கணக்கெடுக்கும் வேலைக்கு மதிப்பு கூடியிருக்கிறது. குட் ஃபுட் இன்ஸ்டிடியூட் போன்ற லாப நோக்கற்ற அமைப்புகள் இதைத் தொடர்ந்து செய்கின்றன.

கணக்கெடுப்பது எளிது என்றுதான் தோன்றும். அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளை, தான் தரும் ஒவ்வொரு நல்கையின் தலைப்பையும் சுருக்கத்தையும் தொகையையும் பொதுவெளியில் வைக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு கார்டிஸ், பிரிட்டனுக்கு கேட்வே டு ரிசர்ச் என்று தரவுத்தளங்கள் உள்ளன. தேடி எடுத்துக் கூட்ட வேண்டியதுதானே? அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

‘ஒற்றைச் செல் புரதம்’ என்பது நுண்ணுயிர்களிலிருந்து எடுக்கும் உணவுப் புரதம். அதை ஆங்கிலத்தில் தேடினால், தனித்தனிச் செல்களுக்குள் என்னென்ன புரதங்கள் இருக்கின்றன என்று பார்க்கும் மருத்துவ ஆய்வுகளும் கூட்டமாக வந்து நிற்கும். உணவுக்கும் அவற்றுக்கும் சம்பந்தமே இல்லை. எதிர்த்திசைப் பிழை இன்னும் மோசமானது. மாட்டின் தசைத் தண்டுச் செல்கள் எப்படிப் பெருகுகின்றன என்று ஆராயும் ஒரு திட்டம், கால்நடை வளர்ப்புத் துறைக்காக எழுதப்பட்டிருக்கும். பட்டாணியில் வரும் பச்சை வாடையைக் குறைக்கும் திட்டம் பயிர் மேம்பாட்டுத் தலைப்பின் கீழ் இருக்கும். இரண்டும் மாற்றுப் புரதத்துக்கு நேரடியாக உதவும். ஆனால் அந்தப் பெயரே அவற்றின் சுருக்கத்தில் வராது. தேவையற்றதை விலக்கத் தேடலைக் குறுக்கினால் தேவையானதும் வெளியே நின்றுவிடும். அகலமாக்கினால் குப்பையும் உள்ளே வரும். எனவே முதலில் அகலமாகத் தேடி, வரும் சுருக்கங்களை மனிதர்கள் படித்து ஏற்கிறார்கள் அல்லது தள்ளுகிறார்கள். அப்படிக் குறியிட்ட சில நூறு பதிவுகளைக் கொண்டு ஒரு கணினி மாதிரியைப் பழக்கி, மீதியை அதனிடம் விடலாம். எல்லைக்கோட்டில் நிற்பவை மட்டும் மறுபடி மனிதக் கண்ணுக்கு வரும். அலுப்பூட்டும் வேலைதான். ஆனால் பட்டியலின் நம்பகத்தன்மை முழுவதும் இந்த இடத்தில்தான் தீர்மானமாகிறது.

அடுத்தது பணம். செல்களை வளர்த்து உணவு தயாரிக்கும் ‘செல் வேளாண்மை’க்கு நெதர்லாந்து அரசு 2022-ல் 6 கோடி யூரோ அறிவித்தது. அதில் ஆய்வும் உண்டு, கல்வியும் உண்டு, உற்பத்தியைப் பெரிதாக்கும் வசதிகளும் உண்டு. டென்மார்க் 2030 வரை 67.5 கோடி குரோனர் ஒதுக்கிய தாவர உணவு நிதியும் ஆய்வகத்தோடு நிற்பதில்லை; மக்களிடம் தாவர உணவைக் கொண்டுசெல்லும் பணிகளுக்கும் போகிறது. இவற்றை ‘ஆய்வு நிதி’ என்று முழுதாகக் கூட்டலாமா? எது ஆய்வு, எது இல்லை என்று பிரிக்க நாடுகள் பயன்படுத்தும் வரையறை, 1963-ல் இத்தாலியின் ஃபிராஸ்காட்டியில் உருவான கையேட்டிலிருந்து வருகிறது. அடிப்படை ஆய்வு, பயன்பாட்டு ஆய்வு, சோதனைநிலை மேம்பாடு என்ற மூன்றும்தான் அதற்குள் அடங்கும். சந்தைப்படுத்தல் அடங்காது.

இன்னொரு பொறி இரட்டைக் கணக்கு. ஐந்து நாடுகளின் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்தும் ஐரோப்பியத் திட்டம் கார்டிஸில் ஒருமுறை பதிவாகும். பங்கேற்கும் பல்கலைக்கழகங்கள் தங்கள் பங்கைத் தாங்களும் அறிவிக்கும். கவனிக்காவிட்டால் ஒரே யூரோ இரண்டு முறை எண்ணப்படும். இதைத் தவிர்க்க, ஆய்வாளருக்கு ஆர்கிட் எண், நிறுவனத்துக்கு ஆர்ஓஆர் எண், நல்கைக்கே ஒரு டிஓஐ எண் என்று நிரந்தர அடையாளங்கள் வந்திருக்கின்றன. நல்கைக்கு எண் கொடுப்பது 2019-லிருந்துதான் நடக்கிறது. எல்லா நிதியாளர்களும் இன்னும் அதற்கு மாறிவிடவில்லை. இவற்றுக்கு மேல், அறிவித்த தொகையும் செலவான தொகையும் ஒன்றல்ல. ஐந்தாண்டு நல்கையை முதல் ஆண்டிலேயே முழுதாக எழுதினால், அந்த ஆண்டு பெருவெள்ளம் வந்ததுபோலவும் அடுத்த நான்காண்டுகள் வறட்சிபோலவும் தெரியும்.

இவ்வளவு பாடுபட்டுக் கிடைக்கும் மொத்தத் தொகையைத்தான் செய்திகள் தூக்கிப் பிடிக்கின்றன. என் பார்வையில் அந்தப் பட்டியலில் பயன் குறைந்த எண் அதுதான். 2021-ல் வெளியான ஓர் உலகளாவிய மதிப்பீடு, மாற்றுப் புரதத்துக்கு ஆண்டுக்கு 1,010 கோடி டாலர் பொதுநிதி தேவை என்றது. அதில் 440 கோடி ஆய்வுக்கும் மேம்பாட்டுக்கும். அதோடு ஒப்பிட்டு ‘போதாது’ என்று சொல்ல மொத்தத் தொகை உதவும். ஆனால் அடுத்த நல்கையை எதற்குக் கொடுப்பது என்ற கேள்விக்கு அதில் விடை இல்லை. அந்த விடை ஒவ்வொரு நல்கைக்கும் இடும் தலைப்புக் குறியீடுகளில் இருக்கிறது.

செல் வளர்ப்பு இறைச்சியையே எடுத்துக்கொள்வோம். செல்கள் பெருக ஒரு ஊட்டத் திரவம் வேண்டும். நெடுங்காலமாக அதில் சேர்த்துவந்தது, வெட்டப்பட்ட சினைப்பசுவின் கருக்கன்றிலிருந்து எடுக்கும் சீரம். விலையும் அதிகம், மாட்டைக் கொல்லாத இறைச்சி என்ற நோக்கத்துக்கும் நேர் எதிர். சீரத்தை நீக்கினால் அது செய்த வேலையை எஃப்ஜிஎஃப்-2 போன்ற வளர்ச்சிக் காரணிகளை, அதாவது செல்களைப் பெருகத் தூண்டும் புரதங்களைக் கொண்டு செய்விக்க வேண்டும். இவை மருந்துத் துறைக்காக மிகச் சிறிய அளவில், மிக உயர்ந்த தூய்மையில் தயாரானவை. இறைச்சி விலைக்கு இறங்க வேண்டுமானால் அந்தக் காரணிகளை மலிவாகத் தயாரிக்கும் நுண்ணுயிர்களோ, அவை குறைவாக இருந்தாலும் பெருகும் செல்களோ வேண்டும். செல் வகை, ஊட்டத் திரவம், செல்கள் பற்றிக்கொண்டு வளரும் சட்டகம், செல்களை வளர்க்கும் பெரிய கலனான பயோரியாக்டர் என்று ஒவ்வொரு நல்கைக்கும் குறியிட்டு, அதையே மாடு, கோழி, மீன், இறால் என்றும் பிரித்துக் கட்டம் போட்டால், சில கட்டங்களில் பதிவுகள் நெரிசலாகவும் சில காலியாகவும் கிடக்கும். காலியான கட்டம் என்பது யாரும் பணம் தராத கேள்வி. சில சமயம் அது தேவையற்ற கேள்வியாகவும் இருக்கலாம்; அதைப் பிரித்தறியத் துறை தெரிந்த ஆள்தான் வேண்டும், அட்டவணை போதாது.

பணம் கொடுப்பவர்கள் இந்த வெற்றிடங்களைப் பல விதமாக நிரப்புகிறார்கள். 2004-ல் தொடங்கிய நியூ ஹார்வெஸ்ட் என்ற லாப நோக்கற்ற அமைப்பு முனைவர் பட்ட மாணவர்களுக்கு உதவித்தொகை தந்தது; அப்போது இந்தத் துறையில் ஆய்வேடு எழுத வேறு வழி அரிது. அமெரிக்க வேளாண் துறை 2021-ல் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்துக்கு ஐந்தாண்டுக்கு ஒரு கோடி டாலர் ஒதுக்கி, தனித்தனி ஆய்வாளர்களுக்குப் பதில் ஒரு மையத்தையே உருவாக்கியது. பெசோஸ் எர்த் ஃபண்ட் 2024-லிருந்து அமெரிக்காவின் வட கரோலினா, லண்டன், சிங்கப்பூர் ஆகிய மூன்று இடங்களில் பல்கலைக்கழக மையங்களுக்குத் தலா 3 கோடி டாலர் அளித்திருக்கிறது. மையங்களின் பலம் கருவிகள். நொதிகலனோ, தாவரப் புரதத்தை அழுத்தி இறைச்சி போன்ற நாராக்கும் எக்ஸ்ட்ரூடரோ ஒரு சிறு நல்கையில் வாங்கக் கூடியவை அல்ல.

தொகையைவிட நல்கையின் நிபந்தனைகள் எனக்கு முக்கியமாகப் படுகின்றன. கட்டுரையை எல்லோரும் இலவசமாகப் படிக்க வெளியிட வேண்டும், உருவாக்கிய செல் வகையைப் பொதுச் சேமிப்பகத்தில் வைக்க வேண்டும் என்று எழுதிவிட்டால், ஒரே நல்கை பல ஆய்வகங்களுக்குப் பயன்படும். செல் வகையைப் புதிதாகப் பிரித்தெடுத்து நிலைப்படுத்த ஒரு குழுவுக்கு மாதங்கள், சில சமயம் ஆண்டுகள் ஆகும். சேமிப்பகத்தில் இருந்தால் உறைந்த குப்பியாக வந்து சேர்ந்துவிடும். நிதியைப் பின்தொடரும் பட்டியல்களில் பெரும்பாலும் தலைப்பு, தொகை, தேதி, நிறுவனம் என்ற நான்கு நெடுவரிசைகள்தான் இருக்கின்றன. முடிவுகள் வெளியே வந்தனவா, தரவும் செல்களும் யாருக்குக் கிடைக்கும் என்ற ஐந்தாவது நெடுவரிசையை நிரப்பினால்தான், அதே கேள்விக்கு இன்னொரு நாடு மறுபடியும் பணம் தரலாமா வேண்டாமா என்று முடிவெடுக்க முடியும்.