சோலைக்குப் போய் வந்த பத்தாம் நாள்

கோத்தகிரிக்குக் குடும்பத்தோடு வருகிறவர்கள், சோலைக்குள் நடக்கப் போகுமுன் என்னிடம் கேட்பது இரண்டே கேள்விகள்தான். அட்டை கடிக்குமா? காட்டெருமை வருமா? இரண்டுக்கும் வாய்ப்பு உண்டு. அட்டை கடிக்கும்போது ரத்தம் உறையவிடாத ஒரு பொருளைச் செலுத்துகிறது. அதனால் அது விழுந்த பிறகும் சிறிது நேரம் கசியும். அழுத்திப் பிடித்தால் நின்றுவிடும். காட்டெருமையைப் பார்த்தால் செல்ஃபி எடுக்காமல் வந்த வழியே திரும்புங்கள். அவ்வளவுதான்.

நான் பயப்படுவது யாரும் கேட்காத ஒன்றுக்கு.

ஒரு கார்த்திகை மாதம் சமவெளியிலிருந்து ஒரு தாய் போன் செய்தார். மலைப்பாதை வளைவுகளில் வாந்தி எடுத்ததற்காக என்னிடம் காட்டிய பையனின் அம்மா. "டாக்டர், ஆறு நாளா காய்ச்சல். டெங்கு இல்லைன்னுட்டாங்க. மருந்து குடுத்தும் இறங்கவே மாட்டேங்குது." அக்குள், இடுப்பு, தொடை இடுக்கு, காதுக்குப் பின்னால் எல்லாம் பார்க்கச் சொன்னேன். சற்று நேரத்தில் திரும்ப அழைத்தார். டவுசர் இறுக்கும் இடத்தில், சிகரெட்டால் சுட்டது போலக் கறுப்பாக ஒரு பொருக்கு. வலியும் இல்லை, அரிப்பும் இல்லை. அதனால் பையன் சொல்லவே இல்லை.

உண்ணிக்காய்ச்சல். ஸ்க்ரப் டைஃபஸ் என்பார்கள். நாய் மேல் ஊரும் உண்ணி அல்ல இது. கண்ணுக்கே எளிதில் தெரியாத ஒரு பூச்சியின் குஞ்சு கடித்து வருவது. கடித்து 6 முதல் 21 நாட்களுக்குள், பெரும்பாலும் பத்து நாள் வாக்கில் காய்ச்சல் தொடங்கும். அதற்குள் நீங்கள் ஊருக்குப் போய், பள்ளிக்கூடமும் ஆரம்பித்திருக்கும். மலையையும் காய்ச்சலையும் யார் முடிச்சுப் போடுவார்கள்? அமாக்ஸிசிலின் போன்ற வழக்கமான மருந்துகள் இதைத் தொடாது. டாக்ஸிசைக்ளின் என்ற விலை மலிவான மருந்துக்குப் பெரும்பாலும் இரண்டே நாளில் அடங்கும். அந்தப் பையனுக்கும் அப்படித்தான் அடங்கியது. தாமதித்தால் நுரையீரல், சிறுநீரகம், மூளை வரை போய்விடும். எல்லோருக்கும் பொருக்கு வராது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அவர்கள் எங்கே உட்கார்ந்தார்கள் என்று விசாரித்தேன். அவர்கள் நடந்து போனது லாங்வுட் சோலைக்குள். 116 ஹெக்டேர், 2024-இல் ராம்சர் என்ற உலக ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த காடு. ஆனால் புளிசாதம் சாப்பிட்டது வெளியே, புதரும் புல்லும் சேரும் ஓரத்தில், வெறும் புல்லின் மேல். இந்தப் பூச்சிக்குப் பிடித்த இடமே அதுதான், எலி நடமாடும் புதரோரம். நிழலான பாதையில் நடப்பதைவிட அங்கே சாய்ந்து படுப்பதைத்தான் நான் தடுப்பேன்.

எனவே தடிமனான விரிப்பு, முடிந்தால் மடக்கு ஸ்டூல். பேண்ட் நுனியைச் சாக்ஸுக்குள் செருகுங்கள். கழற்றிய ஸ்வெட்டரைப் புதர் மேல் போடாதீர்கள். அறைக்குத் திரும்பியதும் சோப்புப் போட்டுக் குளியல், உடுத்திய துணி நேராகத் துவைக்க. அப்புறம், மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், டாக்டர் கேட்காவிட்டாலும் "மலைக்குப் போயிருந்தோம், புல்லில் உட்கார்ந்தோம்" என்று நீங்களே சொல்லிவிடுங்கள்.

அந்தக் குடும்பம் அடுத்த மே மாதமும் வந்தது. காரின் பின்னால் நான்கு மடக்கு ஸ்டூல்கள். பையன் வளைவுகளில் இந்த முறையும் வாந்தி எடுத்திருந்தான்.