காற்று நின்றதும் கதவைத் திறக்காதீர்கள்

2016 டிசம்பர் 12, வர்தா புயல் சென்னையைக் கடந்த நாள். காலையிலிருந்து வடக்கே இருந்து அடித்த காற்று பிற்பகலில் சட்டென்று ஓய்ந்தது. தெருவில் ஒவ்வொரு கதவாகத் திறந்தது. ஒருவர் விழுந்து கிடந்த பைக்கை நிமிர்த்தினார். எதிர்வீட்டு அம்மா வாசலில் கிடந்த கிளைகளை இழுத்துப் போட ஆரம்பித்தார். "உள்ள போங்கம்மா, மறுகாத்து வரும்" என்று மாடியிலிருந்து கத்தினேன். "அதான் நின்னுடுச்சே தம்பி" என்றார். இரண்டு மூன்று முறை சொன்ன பிறகுதான் போனார். கொஞ்ச நேரத்தில் தெற்கே இருந்து கிளம்பியது காற்று. காலை முழுக்கத் தாங்கி நின்ற வேப்பமரம், அவர் கிளை பொறுக்கிய அதே இடத்தில் வேரோடு சாய்ந்தது.

நான் கட்டுமானப் பொறியாளர். புயல் அடித்த ஊர்களில் வீடுகளைப் பார்த்து, எது ஏன் போனது என்று எழுதிக் கொடுப்பதும் என் வேலையில் சேரும். எந்த ஊருக்குப் போனாலும் "எத்தனை கிலோமீட்டர் வேகம் சார்?" என்றுதான் கேட்கிறார்கள். எந்தத் திசையிலிருந்து வரும், எப்போது திசை மாறும் என்று கேட்பவர் குறைவு. அதைத் தெரியாததால் நடந்த சேதத்தை நிறையப் பார்த்துவிட்டேன்.

கடல்நீர் ஏறக்குறைய 26.5 டிகிரிக்கு மேல் சூடாக இருக்கும்போது ஈரக்காற்று மேலே எழும்புகிறது. அந்த ஈரம் மேகமாகக் குளிரும்போது வெளிவரும் வெப்பம் காற்றை இன்னும் மேலே தள்ளுகிறது. கீழே அழுத்தம் குறைய, சுற்றிலும் இருக்கிற காற்று அந்த இடத்தை நோக்கி ஓடிவருகிறது. பூமி சுழல்வதால் நேராக வர முடியாமல் வளைகிறது. நம் பக்கத்தில் அது கடிகார முள்ளுக்கு எதிர்த்திசைச் சுழற்சி. கயிற்றில் கல்லைக் கட்டிச் சுற்றிக்கொண்டே கயிற்றைச் சுருக்கினால் கல் வேகமெடுக்கும் இல்லையா, காற்றும் மையத்தை நெருங்க நெருங்க அப்படித்தான். புயலின் நடு மையத்தைக் கண் என்கிறோம். அதைச் சுற்றி நிற்கும் மேகச் சுவரில்தான் உச்ச வேகம். கண்ணுக்குள் காற்று மெல்ல கீழே இறங்குகிறது, அங்கே அமைதி.

வங்கக்கடலிலிருந்து மேற்கே வரும் புயலின் கண் உங்கள் ஊர் மேலேயே கடந்தால், முதலில் வடக்கு அல்லது வடமேற்கிலிருந்து அடிக்கும், நிற்கும், பிறகு நேர் எதிராகத் தெற்கு, தென்கிழக்கிலிருந்து அடிக்கும். மையத்துக்கு வடக்கே இருக்கும் ஊர்களில் ஓய்வே இருக்காது. அங்கே காற்று கடலிலிருந்து கரைக்கு வீசும், கடல்நீரையும் கூடவே தள்ளிக்கொண்டு வரும். புயல் நகரும் வேகமும் அந்தப் பக்கத்துக் காற்றோடு சேர்ந்துகொள்ளும். மையம் எங்கே என்று தெரிய வேண்டுமானால், காற்றுக்கு முதுகைக் காட்டி நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்: இடது கைப்பக்கம், சற்று முன்னால் இருக்கும்.

வேகத்தையும் விட்டுவிட முடியாது. வானிலை மையம் சொல்லும் வேகம் 3 நிமிடச் சராசரி. நடுநடுவே வரும் வீச்சு அதைவிட அதிகம், கூரையைப் பிடுங்குவது அதுதான். வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்கு.

கஜா புயல் 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. அந்தப் பக்கம் நான் பார்த்த ஒரு வீடு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. காற்று வடக்கே தொடங்கியதால் வீட்டுக்காரர் கூரையின் வடக்குச் சரிவில் மணல் மூட்டைகளை அடுக்கியிருந்தார். அவை அப்படியே இருந்தன. மறுகாற்று கொல்லைப்புறத் தெற்குக் கதவைத் தாழ்ப்பாளோடு பெயர்த்து உள்ளே புகுந்திருக்கிறது. அந்த அறைக்கு மேலிருந்த சிமென்ட் ஷீட்டுகள் தென்னந்தோப்பில் துண்டு துண்டாகக் கிடந்தன. "அந்தப் பக்கமிருந்து வரும்னு யாரும் சொல்லலையே சார்" என்றார்.

கூரையைக் காற்று அமுக்கி உடைப்பதில்லை, தூக்குகிறது. சரிவின் மேல் வேகமாகப் பாயும் காற்று அங்கே உறிஞ்சுகிறது. கதவு போய்விட்டால் உள்ளே புகுந்த காற்று கீழிருந்தும் தள்ளுகிறது. 120 கிலோமீட்டர் வீச்சில், 10 அடிக்கு 3 அடி ஷீட் ஒன்றைத் தூக்கும் விசை ஏறக்குறைய 190 கிலோ. ஷீட்டின் எடை 40 கிலோகூட சில நேரம் இருக்காது. மேலே நாலு செங்கல்லோ பழைய டயரோ வைப்பது எந்த மூலைக்கு? அதோடு, அவையே பறந்து அடுத்த வீட்டில் விழும். ஜன்னலைத் திறந்துவிட்டால் அழுத்தம் சமமாகிக் கூரை தப்பும் என்று சிலர் இன்னமும் சொல்கிறார்கள். தயவுசெய்து அதைக் கேட்காதீர்கள். நாலு பக்கமும் மூடியே இருக்கட்டும்.

மழைக்காலத்துக்கு முன்பே ஏணி போட்டு ஏறிப் பாருங்கள். ஷீட்டைப் பிடித்திருக்கும் கொக்கி போல்ட் துருப்பிடித்திருக்கிறதா, வாஷர் இருக்கிறதா? ஓரத்திலும் மூலையிலும் முகட்டிலும்தான் இழுப்பு அதிகம், அங்கே போல்ட்டுகளை நெருக்கமாகப் போடச் சொல்லுங்கள். ஷீட்டைத் தாங்கும் சட்டம் சுவரோடு இறுகியிருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் ஷீட்டும் சட்டமும் சேர்ந்தே போகும். எல்லாப் பக்கக் கதவுக்கும் உள்ளே குறுக்குக் கட்டை வேண்டும்.

அப்புறம், இரவில் காற்று திடீரென நின்றால் வெளியே போய் வானத்தைப் பார்க்க வேண்டாம். முதல் காற்று எந்தச் சுவரில் அடித்தது என்று நினைவுபடுத்தி, குழந்தைகளையும் பெரியவர்களையும் எதிர்ச்சுவர்ப் பக்கத்திலிருந்து உடனே முதல் காற்று அடித்த சுவர்ப் பக்கம் மாற்றிவிடுங்கள். கண் கடக்கச் சில நிமிடங்களும் ஆகலாம், ஒரு மணி நேரமும் ஆகலாம். புயல் முழுமையாகக் கடந்துவிட்டது என்று ரேடியோவில் சொல்லும்வரை தாழ்ப்பாளில் கை வைக்காதீர்கள்.