பாலியேட்டிவ் கெயார்: 'கைய விரிச்சிட்டாங்க' என்று அர்த்தமில்லை

ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் இருந்த எங்கள் பெரியம்மாவின் கிளினிக் கொப்பியில் ஒருநாள் புதிதாக இரண்டு ஆங்கிலச் சொற்கள் ஏறியிருந்தன: பாலியேட்டிவ் கெயார். லயத்தில் அதற்கு உடனே ஒரு தமிழும் கிடைத்துவிட்டது. "டொக்டர் கைய விரிச்சிட்டாரு."

அது பிழையான தமிழ். உயிருக்கு ஆபத்தான நோயோடு இருப்பவரின் வலி, மூச்சுமுட்டல், வாந்தி, பயம் எல்லாவற்றையும் குறைத்து, அவருடைய வீட்டாரையும் சேர்த்துத் தாங்குவதே இந்தப் பராமரிப்பு. நோயைக் குணமாக்கும் மருத்துவம் நடக்கும்போதே இதையும் தொடங்கலாம். கடைசி நாட்களின் கவனிப்பு இதில் ஒரு பகுதி மட்டுமே. அதை அந்திமகாலப் பராமரிப்பு என்று தனியாகச் சொல்லலாம்.

ஆங்கிலச் சொல்லின் வேர் லத்தீனில் 'பல்லியம்'. மேலே போர்த்தும் ஆடை என்று பொருள். மலையகத்தாருக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். கொட்டும் மழையில் கொழுந்தெடுக்கப் போன நம் பாட்டிமார் தலையோடு போர்த்திய கம்பளியை நினைத்தால் போதும். மழை பாட்டுக்கு மழை பெய்யும், கம்பளிக்குள் உடம்பு சூடாக இருக்கும். போர்த்துவது என்பதிலிருந்து குற்றத்தை மூடிமறைப்பது என்ற பொருளும் ஆங்கிலத்தில் கிளைத்தது. சொல்லின் மேல் ஒரு சந்தேகம் ஒட்டிக்கொண்டிருப்பது நம் லயத்தில் மட்டுமல்ல போலிருக்கிறது.

கூடவே வரும் சொல் 'ஹொஸ்பிஸ்', அந்திமகால நோயாளரைப் பராமரிக்கும் இல்லம். விருந்தினர், விருந்து கொடுப்பவர் இருவரையும் குறித்த லத்தீன் சொல்லில் பிறந்தது. தாதியாகத் தொடங்கிப் பிறகு மருத்துவரான சிசிலி சாண்டர்ஸ், 1967இல் லண்டனில் புனித கிறிஸ்தோபர் ஹொஸ்பிஸைத் திறந்தார். கனடாவில் பிரெஞ்சு பேசும் மொன்றியலில் அந்தச் சொல் கதியற்றவர்கள் ஒதுங்கும் மடத்தை நினைவூட்டியதால், 1970களில் பல்ஃபோர் மவுண்ட் என்ற மருத்துவர் 'பாலியேட்டிவ் கெயார்' என்று மாற்றி வைத்தார்.

தமிழில் என்ன சொல்வது? 'வலி நிவாரணம்' வேண்டாம். மண்சரிவுக்குப் பிறகு லொறியில் வரும் அரிசிக்கும் பருப்புக்கும் நம் ஊரில் அதுதான் பெயர். மலையாளத்தின் 'சாந்த்வனம்' அழகு, ஆனால் தோட்டத்தில் யாருக்கும் புரியாது. தமிழ்நாட்டில் வழங்கும் 'ஆதரவு சிகிச்சை' பரவாயில்லை. எதற்கு ஆதரவு என்பதுதான் அதில் தெரியவில்லை. அப்படியே ஒலிபெயர்த்து 'பலியேட்டிவ்' என்று எழுதினால் முதல் இரண்டு எழுத்தே ஆளைக் கொன்றுவிடும்.

என் கை போவது 'நோய்த்தணிப்புப் பராமரிப்பு' பக்கம். தாகம் தணியும், காய்ச்சல் தணியும், கோபம் தணியும். 948ஆவது குறளிலும் "அதுதணிக்கும் வாய்நாடி" என்றுதான் இருக்கிறது. இரண்டு குறள் தள்ளி மருத்துவத்தின் நான்கு பகுதிகள் வருகின்றன: நோயாளி, தீர்ப்பவன், மருந்து, உழைச்செல்வான். உழை என்றால் பக்கம். பக்கத்திலேயே இருந்து பார்ப்பவர், இன்றைய நேர்ஸ். 'தாதி'யும் 'செவிலி'யும் வளர்ப்புத்தாயைக் குறித்த சொற்கள். வாட்டில் நாம் கூப்பிடுவதென்னவோ 'மிஸ்ஸி'.

தணிப்பில் பாதிக்கு மேல் அந்த மிஸ்ஸியின் கையில்தான். கடும் வலிக்குக் கொடுக்கும் மோர்ஃபின் என்றதும் அண்ணன் பயந்தார், ஆளைச் சீக்கிரம் அனுப்பிவிடும் என்று. சரியான அளவில் கொடுத்தால் அப்படி ஆகாது, வலி வரும்வரை காத்திராமல் மணிக்கணக்குப்படி கொடுக்க வேண்டும், மலச்சிக்கல் வரும் என்பதால் அதற்கும் சேர்த்து மருந்து உண்டு என்று மிஸ்ஸிதான் சொன்னார். படுக்கைப்புண் வராமல் பெரியம்மாவைப் புரட்டிப் படுக்க வைக்கவும் அண்ணியின் கையைப் பிடித்துச் சொல்லிக் கொடுத்தார்.

பெரியம்மாவுக்கு விழுங்க முடியாமல் போன அன்றும் அண்ணன் கஞ்சிக் கரண்டியோடு நின்றார். "வேணாம் தம்பி, நெஞ்சுக்குள்ள எறங்கிரும். இப்ப அவங்களுக்குப் பசிக்காது" என்றார் மிஸ்ஸி. "அப்ப பால் ஊத்த வேணாமா?" என்று அத்தை அழுதார். மிஸ்ஸி ஒரு துண்டுப் பஞ்சை எடுத்துப் பாலில் தொட்டு, நன்றாகப் பிழிந்து, அத்தையின் கையில் கொடுத்தார். "உதட்ட மட்டும் நனைங்கம்மா."