கப்பல் அறையில் படம் ஏன் சுற்றிக்கொண்டே நிற்கிறது?

கார்த்திகை மழை இறங்கினால், கிளிநொச்சியில் கூரையில் டிஷ் வைத்த வீடுகளில் ரீவிப் படம் கட்டம் கட்டமாக உடையும், பிறகு நின்றே போகும். டிஷ்ஷில் பழுதில்லை. செய்மதியிலிருந்து 12 கிகாஹேர்ட்ஸில் வரும் அலையின் நீளம் இரண்டரைச் சென்ரிமீற்றர்தான். தடித்த மழைத்துளிகள் அதில் ஒரு பகுதியை உறிஞ்சும், இன்னொரு பகுதியைச் சிதறடிக்கும். நடுக்கடலில் போகும் பல உல்லாசக் கப்பல்களின் இன்ரநெற்றும் இதே வகை அலையில்தான் ஓடுகிறது. வீட்டு டிஷ் சீமெந்தில் பூட்டி அசையாமல் நிற்கிறது, கப்பல் டிஷ்ஷுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

வெளிநாட்டுப் பிள்ளைகள் ரிக்கற் போட்டுக் கூப்பிட, சிங்கப்பூரிலோ சென்னையிலோ கப்பல் ஏறுகிற அம்மா அப்பாமார் இப்போது வன்னியிலும் இருக்கிறார்கள். 2023 ஜூனில் கொர்டேலியா எம்பிரஸ் என்ற கப்பல் காங்கேசன்துறைக்கே வந்து போனது. "அறையில் வைஃபை இருக்காம், படம் பார்க்கலாமாம்" என்று நம்பி ஏறுமுன் ஒன்றைத் தெரிந்துகொள்வது நல்லது: படம் எங்கே சேமிக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் அது ஓடுமா நிற்குமா என்பது.

அறைச் சுவரில் இருக்கும் ரீவியின் படப்பட்டியல் வானத்திலிருந்து வருவதில்லை. கப்பலுக்குள்ளேயே ஒரு சேர்வர் இருக்கிறது. படங்கள் முன்கூட்டியே அதில் ஏற்றப்பட்டிருக்கும். அங்கிருந்து ஒளியிழை வயரில் அறைகளுக்கு ஓடும். 1,000 அறைகளில் ஒரே நேரத்தில் ஆளுக்கொரு படம் பார்த்தாலும், ஒன்றுக்குச் செக்கனுக்கு 5 மெகாபிட் என்றால், மொத்தம் 5 கிகாபிட். உள்வயருக்கு அது பெரிய விசயமில்லை. ஆகவே புயல் அடித்தாலும் இந்தப் படம் நிற்காது. நேரலைச் செய்திதான் செய்மதியைப் பிடித்து வருவது, தடங்கினால் முதலில் தடங்குவதும் அதுதான். ஒரே குறை, அந்தச் சேர்வரில் தமிழ்ப் படம் இருக்கும் என்று நம்பிப் போக முடியாது.

போனில் படம் பார்க்க வெளிக்கிட்டால் கதை வேறு. மேல்தளத்தில் தெரியும் வெள்ளை உருண்டைகளுக்குள் டிஷ் இருக்கிறது. ஒரு மீற்றர் அகலமான டிஷ் பிடிக்கும் கற்றையின் அகலம் ஏறத்தாழ 1.75 பாகைதான். முல்லைத்தீவுக் கரையில் ஆடுகிற வள்ளத்தில் நின்றுகொண்டு, 100 மீற்றர் தள்ளி மூன்று மீற்றர் அகல வெளிச்சம் விழும் ரோச்சை ஒரே தென்னையில் பிடித்துக்கொண்டிருப்பது போன்ற வேலை அது. கப்பல் ஐந்து பாகை சரிந்தாலே கற்றை செய்மதியை விட்டு விலகிவிடும். அதனால் உருண்டைக்குள் கைரோ உணரிகள் ஆட்டத்தை அளக்க, மோட்டர்கள் உடனுக்குடன் எதிர்ப்பக்கம் திருப்பிக்கொண்டே இருக்கும். கப்பல் திரும்பும்போது புகைபோக்கி நடுவில் வந்து மறைத்தால் அதுவும் பயனில்லை. இரண்டு உருண்டைகள் வைத்து மாற்றி மாற்றி ஓட்டுவது அதற்காகத்தான்.

டிஷ் சரியாகப் பிடித்தாலும் தூரம் விடாது. பூமியோடு சேர்ந்து சுற்றி, வானத்தில் ஒரே இடத்தில் நிற்பதுபோல் தெரியும் புவிநிலைச் செய்மதி 35,786 கிலோமீற்றர் உயரத்தில் நிற்கிறது. போனின் கேள்வி மேலே ஏறி, கரையிலுள்ள நிலையத்துக்கு இறங்க 71,572 கிலோமீற்றர். பதில் வரவும் அவ்வளவு. ஒளியின் வேகத்தில் ஓடினாலும் 0.48 செக்கன். கருவிகள் எடுக்கும் நேரத்தையும் சேர்த்து 0.6 என்று வையுங்கள்.

துலாக் கிணற்றை நினைத்துப் பாருங்கள். வாளி ஒன்றுதான், கிணறு ஆழமாக ஆழமாக ஒரு நிமிசத்தில் ஏறும் தண்ணீர் குறையும். இன்ரநெற்றும் ஒரு வாளி அனுப்பி, "கிடைத்தது" என்ற பதில் வந்த பிறகே அடுத்ததை அனுப்புகிறது. பழைய முறையில் வாளியின் அளவு 64 கிலோபைற். 0.6 செக்கனுக்கு ஒரு வாளி என்றால் செக்கனுக்கு 0.87 மெகாபிட்தான் வரும். தெளிவான படத்துக்கு 5 வேண்டும். புதிய கருவிகள் வாளியைப் பெரிதாக்கிக்கொள்ளும், ஆனால் ஒன்று சிந்தினால் மறுபடியும் சுருக்கிவிடும். கப்பல்களில் இதற்கு ஒரு தந்திரம் உண்டு: கரை நிலையத்திலேயே ஒரு கருவி கப்பலுக்கு முந்திக்கொண்டு "கிடைத்தது" என்று பதில் சொல்லிவிடும். தொடர்பை மறைத்து அனுப்பும் வி.பி.என். செயலி போட்டுப் பார்ப்பவர்களுக்கு இது உதவாது. மூடிக் கட்டின பொதிக்குள் என்ன இருக்கிறது என்று அந்தக் கருவிக்குத் தெரியாதே.

பிறகு பங்கு. இரணைமடுவில் சிறுபோகத்துக்குக் குளத்து நீர்மட்டத்தைப் பார்த்துத்தான் எத்தனை ஏக்கர் என்று தீர்மானிப்பார்கள். கப்பலும் அப்படித்தான், விலை குறைந்த வைஃபை பொதிகளில் மெயிலும் வட்ஸ்அப்பும் ஓடும், வீடியோவை மறித்துவிடுவார்கள். ஒரு கணக்குக்கு, செக்கனுக்கு 500 மெகாபிட் இணைப்பில் இரவு ஒன்பது மணிக்கு 1,500 பேர் இருந்தால் ஆளுக்கு 0.33. போன் படத்தைச் சில செக்கன் துண்டுகளாக வாங்கி ஒரு சின்னத் தொட்டியில் நிரப்பி வைக்கிறது. வரத்தைவிடச் செலவு கூடித் தொட்டி வற்றும்போதுதான் அந்த வட்டம் சுற்றும். தரத்தை 360க்கு இறக்கினால் செலவு குறையும். கப்பல் துறைமுகத்தில் நிற்க, மற்றவர்கள் ஊர் பார்க்க இறங்கிவிட்ட பகலில் பாருங்கள், அதே பொதி வேகமாக ஓடும்.

550 கிலோமீற்றர் உயரத்தில் பறக்கும் செய்மதிகள் வந்த பிறகு தூரப் பிரச்சினை பெருமளவு தீர்ந்தது. றோயல் கரீபியன் நிறுவனம் 2022 இல் தன் கப்பல்களுக்கு இந்த வகைச் செய்மதி இன்ரநெற்றான ஸ்ரார்லிங்க்கைத் தெரிவு செய்தது. அதன் தட்டை அன்ரெனாவில் மோட்டர் திருப்புவதில்லை, கற்றையை மின்னணு முறையிலேயே சாய்க்கிறார்கள். பங்குப் பிரச்சினை மட்டும் அப்படியே இருக்கிறது. அறைச் சுவரும் அப்படியே: உருக்குத் தகடுகளுக்கு நடுவே தீப்பிடிக்காத கனிமப் பஞ்சு, வைஃபை அதைத் தாண்டி வரத் தயங்கும்.

ஆகவே தமிழ்ப் படம் வேண்டுமென்றால் வீட்டிலேயே இறக்கிக்கொண்டு போவதுதான் புத்தி. இரண்டரை மணித்தியாலப் படம், செக்கனுக்கு 1.5 மெகாபிட் தரத்தில், 1.7 கிகாபைற். ஐந்து இரவுக்கு ஐந்து படம் என்றால் 8.5. செக்கனுக்கு 20 மெகாபிட் வரும் 4ஜியில் ஒரு படம் இறங்கப் பதினொரு நிமிசம். இரவு நேர டேற்றா இருந்தால் அதில் இறக்குங்கள். செயலிக்குள் இறக்கிய படத்துக்குக் காலக்கெடு உண்டு. நெற்ஃபிளிக்ஸில் சில படங்கள் பிளே அழுத்தி 48 மணித்தியாலத்தில் காலாவதியாகும். புறப்படுமுன் போனை விமானப் பயண முறையில் போட்டு ஒவ்வொரு படத்தையும் ஒரு நிமிசம் ஓட்டிப் பாருங்கள். ஓடாதது கடலிலும் ஓடாது. கப்பலில் ஏறியதும் அதே முறையில் போட்டு வைஃபையை மட்டும் திறவுங்கள்; இல்லாவிட்டால் கப்பலின் சொந்தக் கைத்தொலைபேசி வலையமைப்பை போன் பிடித்து, ரோமிங் பில் வந்து நிற்கும்.

பெரிய திரையில் போட நினைப்பவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான். அறை ரீவிகளை ஹோட்டல் முறையில் பூட்டி வைத்திருப்பார்கள், றிமோட்டில் உள்ளீடு மாற்றும் பொத்தானே இருக்காது. ரீவியின் பக்கவாட்டில் அல்லது அடியில் தடவிப் பார்த்தால் சிலவற்றில் கிடைக்கும். பென்ட்ரைவ் துளையும் பெரும்பாலும் பூட்டுத்தான். திறந்திருந்தாலும் ஃபற்32 முறையில் அமைத்த பென்ட்ரைவில் 4 கிகாபைற்றுக்கு மேலான கோப்பு ஏறாது. எச்டிஎம்ஐ வயரைப் போனில் குத்தினால் எல்லாப் போனும் படம் அனுப்பாது. ஒரே வடிவச் சார்ஜர் துளைதான், ஆனால் விலை குறைந்த போன்கள் பலவற்றில் வீடியோ வெளியீடு இல்லை. சத்தம் வந்து திரை கறுப்பாக நின்றால் பெரும்பாலும் பிரதித் தடுப்புப் பூட்டு. வயர் இல்லாமல் அனுப்பும் சின்னக் கருவிகள் கப்பல் வைஃபையில் படுத்துவிடும், அங்கே ஒரு கருவி இன்னொன்றைப் பார்க்காதபடி பிரித்து வைத்திருப்பார்கள்.

சார்ஜரில் "100–240V, 50/60Hz" என்று இருக்கிறதா பாருங்கள். அறைகளில் பெரும்பாலும் 110 வோல்ற், 60 ஹேர்ட்ஸ், தட்டைக் கால் சொக்கட். பலவற்றில் ஐரோப்பிய 220உம் இருக்கும். எங்கள் மூன்று கால் பிளக் இரண்டிலும் போகாது, மாற்றி வேண்டும். திடீர் மின்னழுத்த உயர்வைத் தடுக்கும் கருவி உள்ள நீட்டிப்பு வயரை ஏறும்போதே பறித்துவிடுவார்கள். காரணம் இருக்கிறது: கப்பலில் பொதுவாக நியூட்ரலை நிலத்தோடு இணைப்பதில்லை, இரண்டு கம்பியும் கப்பலின் உருக்கு உடலுக்குச் சார்பாக மின்னழுத்தத்தில் நிற்கும். வீட்டு நிலத்தொடர்பை நம்பிச் செய்த தடுப்புக் கருவி அங்கே சூடேறித் தீப்பிடிக்கலாம்.

காதுக்கருவி போட்டுப் படம் பார்ப்பவர்கள் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்து வையுங்கள். ஏழு குறுகிய ஒலியும் ஒரு நீண்ட ஒலியும் கேட்டால் அது அவசர அழைப்பு.

ஜன்னல் இல்லாத அறையில் படுத்துக்கொண்டு பார்த்தால் சிலருக்கு வயிற்றைப் பிரட்டும். கண் அசையாத திரையைப் பார்த்து "நிற்கிறோம்" என்கிறது, உட்காதிலுள்ள திரவம் "ஆடுகிறோம்" என்கிறது. மூளைக்கு இரண்டும் ஒத்துப்போவதில்லை. கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் உள்ள அறையில் ஆட்டம் குறைவு. பிரட்டத் தொடங்கினால் படத்தை நிறுத்திவிட்டு மேல்தளத்துக்குப் போய், கடலும் வானும் சேரும் கோட்டைப் பத்து நிமிசம் பார்த்துக்கொண்டிருங்கள்.