தோளில் தொங்கும் அனுமதிச் சீட்டு

யாழ்ப்பாண நகரை அண்டிய ஒரு திருமண மண்டபத்தில், கடந்த ஆவணி மாதம், தாலி கட்டுவதற்குச் சில நிமிடங்கள் இருக்கும்போது, முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் நீண்ட வெள்ளை லென்ஸ் பூட்டிய கமராவோடு மணவறைப் படியேறி, எனக்கும் ஐயருக்கும் நடுவில் வந்து நின்றார். ஒருவரும் அவரைத் தடுக்கவில்லை. பெண்ணின் சித்தப்பா கதிரையைப் பின்னுக்கு இழுத்து இடம் கொடுத்தார். ஐயர் தாலியை எடுத்துக் கொடுக்குமுன் அவரை நிமிர்ந்து பார்த்து, "தம்பி, ரெடியோ?" என்று கேட்டார். மாப்பிள்ளை வீட்டார் முற்பணம் கொடுத்து அழைத்த படப்பிடிப்பாளன் நான். ஆனால் அன்று என் கையில் இருந்தது சிறிய கமரா ஆகையால், அந்தக் கேள்வி என்னிடம் வரவில்லை.

அவரைப் பெண் வீட்டார் அழைத்திருக்கிறார்கள் என்று நான் நினைத்தேன். பெண் வீட்டாரோ அவரை என்னோடு வந்தவர் என்று நினைத்திருக்கிறார்கள். மூன்று கிழமைகள் கழித்து நான் அல்பத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது, பெண்ணின் தகப்பனார் பக்கங்களைப் புரட்டிவிட்டு, "மற்றத் தம்பி எடுத்த படங்கள் எங்கே?" என்று கேட்ட பிறகுதான், அந்த மனிதரை இரு வீட்டாரில் எவரும் அழைக்கவில்லை என்பது தெரியவந்தது. அதற்குள் மணமகளின் முகம், எங்களில் எவருக்கும் அறிமுகமில்லாத ஒரு முகநூல் பக்கத்தில், மூலையில் ஒரு தொழிற்பெயர் பொறிக்கப்பட்டு, விளம்பரப் படமாக உலவிக்கொண்டிருந்தது.

இந்தத் தொழிலில் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் இருக்கும் எனக்கு, அந்த மனிதரின் துணிச்சல் அவ்வளவு வியப்பைத் தரவில்லை. நாங்கள் அத்தனை பேரும் அவருக்கு வழிவிட்டோம் என்பதே இன்றுவரை உறுத்துகிறது. எங்கள் ஊர்ச் சனங்கள் பேருந்தில் பக்கத்து இருக்கையில் வந்து அமர்பவரைக்கூட "எவடம்? ஆற்றை பிள்ளை?" என்று விசாரிக்காமல் விடுவதில்லை. அந்தக் கேள்விக்குத் தப்பி ஒருவர் யாழ்ப்பாணத்துக் கலியாண வீட்டுக்குள் நுழைவது ஏறத்தாழ முடியாத காரியம். ஆனால் தோளில் மூன்று கிலோகிராம் பாரமான கமரா தொங்கினால், அந்தக் கேள்வி எழுவதே இல்லை.

அந்தப் பாரம் எதனால் ஆனது என்பதை ஒருமுறை விளங்கிக்கொள்வது நல்லது. மண்டபங்களில் அதிகம் காணப்படும் பெரிய லென்ஸ் 70 முதல் 200 மில்லிமீற்றர் வரையிலான குவியத் தூரமும் 2.8 துளை அளவும் கொண்டது. பல தயாரிப்புகளில் அது தனியே ஏறத்தாழ ஒன்றரைக் கிலோகிராம் நிறையுடையது. கமராவின் உடலையும் பிளாஷையும் சேர்த்தால் மூன்று கிலோகிராமை நெருங்கும். கனொன் நிறுவனம் தன் பெரிய தொலைநோக்கு லென்ஸ்களுக்கு வெள்ளை நிறம் பூசுவது, வெயிலில் நெடுநேரம் நிற்கும்போது உள்ளிருக்கும் கண்ணாடிகள் சூடேறாமல் இருப்பதற்காக. விளையாட்டு மைதானத்தின் எல்லைக்கோட்டுக்கு வெளியே நிற்பவருக்கும், மேடையிலிருந்து இருபது மீற்றர் பின்னால் நிற்கவேண்டியவருக்கும் உரிய கருவி அது. கிட்டப் போக முடியாதவர் தூரத்தில் நின்று எடுப்பதற்காகச் செய்யப்பட்ட லென்ஸ், எங்கள் மண்டபங்களில் கிட்டப் போவதற்கான அனுமதிச் சீட்டாக மாறியிருக்கிறது. மணவறைக்கு ஒரு மீற்றர் அருகில் நின்று 200 மில்லிமீற்றரில் தாலி கட்டுவதை எடுக்க முயல்பவருக்கு மணமகனின் காதும் மாலையில் இரண்டு பூவும் கிடைக்கலாம். அந்த இடத்துக்கு உரியது 35 மில்லிமீற்றர் லென்ஸ். அது ஒரு தேநீர்க் குவளை அளவுகூட இராது. கமராவின் உருவத்தைக் கொண்டு ஆளின் தகுதியை அளக்கும் வழக்கம் எவ்வளவு பிழையானது என்பதற்கு, தொழில் தெரிந்தவர்களுக்கு இந்த ஒன்றே போதும்.

இந்த வழக்கம் எப்படி வந்தது என்று யோசித்தால், என் நினைவு தொண்ணூறுகளுக்குப் போகிறது. நான் எடுபிடியாகச் சேர்ந்த ஸ்ரூடியோவின் முதலாளி, குடாநாட்டுக்குப் பற்றரி கொண்டுவருவதே தடைசெய்யப்பட்டிருந்த போர்க்காலத்தில் கலியாண வீடுகளுக்குப் படமெடுத்தவர். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்ட அந்த நாட்களில், நான்கு பற்றரி போட்டால்தான் எரியும் பிளாஷை அவர் காசை எண்ணுவதுபோல எண்ணிச் செலவழிப்பார். முப்பத்தாறு படங்கள் கொண்ட ஒரு சுருளோடு ஒரு கலியாணமே முடிந்துவிடும். அவர் எழுந்து மணவறைக்கு வந்தால், இப்போது ஒரு படம் எடுக்கப்போகிறார் என்று அர்த்தம். சனங்கள் விலகியது அந்த ஒரு படத்துக்காக. அதோடு, அவர் யாரென்று ஊருக்கே தெரியும். அவருடைய தகப்பனாரையும் தெரியும். கமராவுக்குக் கிடைத்த மரியாதை உண்மையில் அந்த மனிதருக்கு உரியதாக இருந்தது.

வீட்டுக்கு வெளியே நிலைமை நேர்மாறானது. சோதனைச் சாவடியில் கமராவைக் கண்டால் கேள்விகள் நீளும் என்பதால், அவர் அதை மரக்கறிப் பைக்குள், கீரைக் கட்டுக்கு அடியில் வைத்துக் கொண்டுபோவார். பெரிய கமரா ஆபத்து. சிறியது என்றால் கொஞ்சம் குறைந்த ஆபத்து. அப்படி ஒளித்துத் திரிந்த பொருளை இன்று மார்பில் தொங்கவிட்டு நடக்க முடிகிறது என்பதில் எனக்கும் மகிழ்ச்சிதான். அதைக் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் அன்று மனிதருக்குக் கொடுத்த மரியாதையை இன்று நாங்கள் கருவிக்கு மாற்றிக் கொடுத்துவிட்டோம். கருவியையோ காசுள்ள எவரும் வாங்கலாம், ஒரு நாளுக்கு வாடகைக்கும் எடுக்கலாம்.

நானும் இந்தச் சலுகையை வேண்டிய அளவு அனுபவித்திருக்கிறேன் என்பதை ஒத்துக்கொள்ளாமல் மேலே எழுதுவது நேர்மையாகாது. சில ஆண்டுகளுக்கு முன், அரச நிகழ்வொன்றில் படமெடுக்கப் போனபோது, அரசாங்கத் தகவல் திணைக்களம் வழங்கும் ஊடக அடையாள அட்டையோ வேறெந்தக் கடிதமோ என்னிடம் இருக்கவில்லை. இரண்டு கமராக்களைத் தோளுக்கு ஒன்றாக மாட்டிக்கொண்டு, அவசரமாக நடப்பவன்போல நடந்தேன். வாசலில் நின்றவர் எனக்குக் கதவைத் திறந்துவிட்டார். எனக்குப் பின்னால் வந்த, உண்மையிலேயே அட்டை வைத்திருந்த பத்திரிகைச் செய்தியாளரான இளம் பெண்ணிடம் அட்டையைக் காட்டச் சொன்னார்கள்; அவர் கையில் இருந்தது கைத்தொலைபேசி. அன்று அதை நான் நகைச்சுவையாகச் சொல்லித் திரிந்தேன்.

இன்னொரு சம்பவத்தை என்னால் அப்படிச் சொல்ல முடியவில்லை. ஒரு கலியாணத்தில், தாலி கட்டும் நேரத்தில் நல்ல கோணம் தேடி நான் முன்னுக்குப் போய் நின்றேன், வீடியோக்காரர் என் வலப்பக்கம் வந்தார், அவருடைய எல்.இ.டி. விளக்கைப் பிடித்த பையன் இடப்பக்கம் நின்றான். பிறகு கணினியில் படங்களைப் பார்த்துக்கொண்டிருக்கையில், என் உதவியாளர் பின்னாலிருந்து எடுத்த ஒரு படம் கண்ணில் பட்டது. முன் வரிசையில் மாப்பிள்ளையின் அப்பம்மா அமர்ந்திருக்கிறார். அவருடைய முகத்துக்கு நேரே எங்கள் மூன்று முதுகுகளும் வேலியடைத்ததுபோல நிற்கின்றன. அவர் கழுத்தை ஒரு பக்கம் சரித்து, எங்கள் இடுப்புகளுக்கிடையில் தெரியும் சிறு இடைவெளியால் பேரன் தாலி கட்டுவதைப் பார்க்க முயல்கிறார். அந்த முதியவர் எங்களை விலகச் சொல்லியிருக்கலாம். சொல்லமாட்டார்; பெரிய கமரா வைத்திருப்பவர்களுக்கு அங்கே நிற்க உரிமை இருக்கிறது என்று அவர் நம்பியிருந்தார். அந்தப் படத்தை அல்பத்தில் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை. அதற்குப் பிறகு தாலி கட்டும்போது முழங்காலில் இருந்தோ, மணவறைத் தூணோடு ஒட்டி நின்றோ எடுக்கப் பழகினேன். முழங்கால் வலிக்கிறது, படம் ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

கலியாணத்தைவிட அதிகக் கவனம் வேண்டிய இடம், பெண் பிள்ளை பூப்படைந்ததைக் கொண்டாடும் சாமத்திய வீடு. பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைக்குப் பாலும் அறுகும் வைத்துத் தண்ணீர் வார்க்கும் இடத்தில், நனைந்த உடையோடு பிள்ளை நிற்கும்போது, சுற்றி நிற்கும் கமராக்களில் எத்தனை அந்த வீட்டாருடையவை என்று கேட்டால் பல தாய்மாருக்குப் பதில் தெரிவதில்லை. வெளிநாட்டிலிருந்து வந்த சொந்தக்காரரின் நண்பர், புதிதாகக் கமரா வாங்கிப் பழகுகிற அயலவர், வீடியோக்காரரோடு கூட வந்த இன்னொருவர் என்று நான்கைந்து பேர் நிற்பார்கள். பெரிய லென்ஸ் வைத்திருப்பவர் பிள்ளை உடை மாற்றும் அறையின் வாசல்வரை போவார். தொழிலுக்கு வந்தவர் என்பதால் பெண்கள் கூச்சத்தை மறைத்துக்கொள்வார்கள். கைத்தொலைபேசியோடு ஒரு பையன் அதே வாசலில் நின்றிருந்தால் தாய்மாமன் அவனுடைய காதைத் திருகியிருப்பார். தூரத்திலிருந்து முகத்தை மட்டும் பிரித்தெடுக்கும் ஆற்றல் கைத்தொலைபேசியைவிடப் பெரிய லென்ஸுக்கே அதிகம் என்பதையும், அதில் எடுக்கும் படம் சுவரளவு பெருப்பித்தாலும் தெளிவாக இருக்கும் என்பதையும் பெற்றோர் தெரிந்திருக்க வேண்டும்.

இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் தனிநபர் தரவுகளின் பாதுகாப்புக்காகக் கொண்டுவரப்பட்டது. பிள்ளைகள் பற்றிய தரவுகளை அது சிறப்பு வகையில் சேர்க்கிறது. ஒருவரை அடையாளம் காட்டும் படமும் தரவுதான். பிள்ளையின் படம் தகாத முறையில் பயன்படுத்தப்படுவதாகத் தெரிந்தால், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்துக்கு அழைத்து முறையிடலாம். ஆனால் முறைப்பாடு என்பது படம் வெளியே போன பிறகு செய்வது. வீட்டார் முன்கூட்டிச் செய்யக்கூடியது மிகவும் எளிது, செலவும் இல்லை: படப்பிடிப்பாளரின் பெயரையும் அவரோடு வருவோரின் எண்ணிக்கையையும் முதல் நாளே கேட்டு வைத்துக்கொண்டு, இரண்டு வீட்டாரிலும் ஒவ்வொருவரை அதற்குப் பொறுப்பாக வைத்தால் போதும். ஆவணி மாதத்துக் கலியாணத்தில் நடந்தது இரு வீட்டாரும் ஒருவரையொருவர் கேட்காததால் நடந்தது. படங்களை விளம்பரத்துக்குப் பயன்படுத்தலாமா கூடாதா என்பதை முற்பணம் கொடுக்கும் துண்டிலேயே ஒரு வரியாக எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். நல்ல தொழிலாளர் எவரும் அதற்குக் கோபிக்கமாட்டார். நான் இப்போது நானாகவே அந்த வரியை எழுதிக் கொடுக்கிறேன், அதனால் வாடிக்கையாளர் எவரையும் இழக்கவில்லை.

எங்கள் ஊரில் கமராவின் பருமனுக்கு மசியாத இடமும் இருக்கிறது. நல்லூர்க் கந்தசுவாமி கோவிலில் ஆண்கள் மேலங்கியைக் கழற்றித்தான் உள்ளே போகவேண்டும், உள்ளே படமெடுக்கவும் கூடாது. இந்த விதிகள் கைத்தொலைபேசிக்காரருக்கும் வெள்ளை லென்ஸ்காரருக்கும் ஒன்றே. இருபத்தைந்து நாள் திருவிழாவில் நான் ஆண்டுதோறும் வெளிவீதியில் நின்று எடுக்கிறேன். இருபத்துநான்காம் நாள் தேர் அசையும் காலையில், வீதி மணலில் அங்கப்பிரதட்டணம் செய்து வருபவரின் முகத்துக்கு அரை மீற்றர் அருகில் லென்ஸை நீட்டுபவர்களையும், வடம் பிடிப்பவர்களின் கால்களுக்கிடையில் புகுபவர்களையும் அங்கே காண்கிறேன். உருண்டு வரும் அடியவருக்கு வழிவிடுவதற்காகக் குடும்பத்தவர்கள் சனத்தை விலக்கிக்கொண்டு முன்னே நடப்பார்கள். கமராக்காரரை மட்டும் விலக்கமாட்டார்கள். தொழில்முறையில் பார்த்தால், 70 முதல் 200 வரையான லென்ஸின் உண்மையான பயன் இந்த இடத்தில்தான் இருக்கிறது: வீதியோரத்தில் ஒதுங்கி நின்றே அந்த முகத்தை எடுக்கலாம்.

சிறிய கமராவால் பெரிய வேலை நடக்காது என்ற எண்ணமும் இந்த மயக்கத்தின் இன்னொரு பக்கம். பிரெஞ்சுப் படப்பிடிப்பாளர் ஹென்றி கார்ட்டியே-பிரசோன், தன் சிறிய லைக்கா கமராவின் பளபளப்பான பகுதிகள் கண்ணில் படாதிருக்கக் கறுப்பு ஒட்டுநாடாவால் மூடினார். தான் இருப்பதைச் சனங்கள் மறந்துவிட வேண்டும் என்பது அவருடைய கணக்கு. 2010இல் ஆப்கானிஸ்தானில் அமெரிக்கப் படையினரோடு இருந்த டேமன் வின்டர் ஐபோனில் எடுத்த படங்களை நியூயோர்க் டைம்ஸ் வெளியிட்டது. இவற்றையெல்லாம் நான் வாடிக்கையாளரிடம் சொல்லிப் பார்த்திருக்கிறேன். "அதெல்லாம் சரி அண்ணை, ஆனா நாங்கள் காசு கட்டியிருக்கிறம், ஒரு பெரிய கமரா கொண்டுவந்தால்தானே பார்க்கிற சனத்துக்கும் ஒரு இதுவா இருக்கும்" என்று ஒருவர் சொன்னார். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமலும் இல்லை; வாழை மரம் கட்டுவதுபோல, கமராவும் கலியாண வீட்டு அலங்காரத்தில் சேர்ந்துவிட்டது. ஆகையால், வெட்கத்தோடு சொல்கிறேன், அந்த ஆவணிக் கலியாணத்துக்குப் பிறகு, வேலை செய்யாத பழைய கமரா ஒன்றை, கீழே பற்றரிப் பெட்டியும் முன்னால் பெரிய லென்ஸும் பூட்டி, ஒரு தோளில் தொங்கவிட்டுப் போகிறேன். படங்கள் மற்றக் கையில் இருக்கும் சிறிய கமராவில் எடுபடுகின்றன. அந்தப் பழைய கமராவைக் கண்டால் மண்டபப் பொறுப்பாளர் வழிவிடுகிறார்.

கடந்த தை மாதம், வடமராட்சியில் ஒரு சாமத்திய வீட்டுக்கு அதே கோலத்தில் போனேன். வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த பிள்ளையின் அம்மம்மா, சுளகை மடியில் வைத்துவிட்டு என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தார்.

"எவடம் தம்பி? ஆர் வரச்சொன்னது?"

ஊரைச் சொன்னேன், பெயரைச் சொன்னேன், பிள்ளையின் தாய் தொலைபேசியில் பேசியதையும் சொன்னேன். அவர் தலையசைத்தாரே தவிர, வழிவிடவில்லை. "நில்லும், கேட்டுக்கொண்டு வாறன்" என்று சுளகை நிலத்தில் வைத்து, கையைச் சேலையில் துடைத்தபடி உள்ளே போனார். அவர் மகளைக் கேட்டுத் திரும்பி வரும்வரை, படமெடுக்காத கமராவின் பாரத்தை ஒரு தோளிலிருந்து மற்றத் தோளுக்கு மாற்றிக்கொண்டு, நான் வாசற்படியில் நின்றேன்.